எமுலேட்டருக்குத் தமிழ்ச்சொல்: ‘போலி’ வேண்டாம், ‘நிகர்பொறி’ வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வீடியோ கேம்களை ஓட்டும் கட்டற்ற மென்பொருள் ஒன்றின் பட்டிகளை (மெனு) நம் குழுவில் தமிழாக்கும் வேலை, எமுலேட்டர் என்ற ஒரே சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பழைய இயந்திரம் செய்த வேலையை இன்றைய கணினியில் நடத்திக்காட்டும் மென்பொருள்தான் எமுலேட்டர். போன வார மடல்களை முழுக்கப் படித்தேன். போலியாக்கி, போலச்செய்வி, பாவிப்பி, போன்மி என நான்கு சொற்களை நண்பர்கள் முன்வைத்திருக்கிறார்கள். என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘போலி’ என்று தொடங்கும் எதுவும் இந்தப் பட்டிக்குள் போகக் கூடாது.

> ‘போலி’ என்பதில் என்ன இழிவு? அறம் அறன் ஆகிறது, நிலம் நிலன் ஆகிறது. பொருள் கெடுவதில்லை. எமுலேட்டர் செய்வதும் அதைத்தானே?

ஐயா, இந்த வாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்து நின்று, பொருள் மாறாமல் வேலை நடக்கிறது. எமுலேட்டருக்கு இதைவிடச் சுருக்கமாக விளக்கம் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பட்டியைத் திறக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இலக்கணத்தில் வரும் கடைப்போலியா நினைவுக்கு வரும்? போலி டாக்டர், போலிப் பத்திரம், போலிச் சான்றிதழ் என்று நாள் தவறாமல் செய்தித்தாளில் பார்க்கிற சொல் அது. ஒரு மென்பொருளுக்கு அதைப் பெயராக வைத்தால், திறக்கும் முன்பே குற்றம் சாட்டியதாகிவிடும்.

இதில் சட்டமும் சேர்ந்திருக்கிறது. 1999இல் கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் மேக் கணினியில் பிளேஸ்டேஷன் ஆட்டங்களை ஓட்டும் மென்பொருளை வெளியிட்டபோது சோனி வழக்குப் போட்டது. 2000இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸ் பக்கம் நின்றது. பிளேஸ்டேஷன் எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்வதற்காக அதன் பயாஸை (பெட்டிக்குள் இருக்கும் அடிப்படை நிரல்) பிரதி எடுத்தது நியாயமான பயன்பாடுதான் என்றும், உருவான மென்பொருள் தனியொரு புதிய ஆக்கம் என்றும் சொன்னது. ஆட்டங்களை அனுமதியின்றிப் பரப்புவது வேறு விஷயம், அது தவறுதான். அந்தத் தவறின் சாயலை எமுலேட்டரின் பெயரிலேயே பூச வேண்டாம் என்பதுதான் என் கோரிக்கை.

சரி, அந்தப் பொருள் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 1983இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்று வந்து, பிறகு அமெரிக்காவில் என்இஎஸ் ஆன நின்டெண்டோ பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூளை ரிகோ 2ஏ03 என்ற சில்லு. 6502 வகையைச் சேர்ந்தது, நொடிக்கு ஏறத்தாழ 17.9 லட்சம் துடிப்பு. வேலை பார்க்க 2 கிலோபைட் நினைவகம். கேசட்டில் இருக்கும் நிரல் அந்தச் சில்லின் கட்டளைகளில் எழுதப்பட்டது. எமுலேட்டர் அந்தக் கட்டளைகளை வாங்கி நம் கணினிக்குப் புரியும்படி மாற்றி நிறைவேற்றுகிறது. மூளைச் சில்லு ஒரு துடிப்பு நகர்வதற்குள் படம் வரையும் சில்லு மூன்று புள்ளி நகர்ந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. கேசட்டின் நிரலில் ஒரு பைட்டைக்கூட யாரும் தொடுவதில்லை.

சிமுலேட்டர் வேறு. ஒரு விமானம் எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிட்டுக் காட்டுவது அது. பாவனை, பாவிப்பி எல்லாம் அதற்கு அழகாகப் பொருந்தும். அங்கேயே இருக்கட்டும்.

வெளித்தோற்றத்தை மட்டும் காட்டினால் ஏன் போதாது என்பதற்கு ஓர் ஆட்டமே சாட்சி. சூப்பர் நின்டெண்டோவில் 1995இல் வந்த ‘ஸ்பீடி கொன்சாலஸ்’ ஆட்டத்தில், 6-1 கட்டத்தில் ஒரு பொத்தான் உண்டு. அதை மிதித்தால் நிரல் ஒரு சுழலுக்குள் போய், நினைவகமே இல்லாத முகவரி ஒன்றைத் திரும்பத் திரும்பப் படிக்கும். உண்மையான பெட்டியில், சில்லுகளை இணைக்கும் தரவுக் கம்பியில் கடைசியாக ஓடிய மதிப்பு அந்த முகவரியில் எதிரொலிக்கும். சரியான கணத்தில் வேறொரு சுற்றின் மதிப்பு குறுக்கே வருவதால் சுழல் உடைந்து ஆட்டம் தொடரும். பழைய எமுலேட்டர்கள் பலவற்றில் ஆட்டம் அங்கேயே உறைந்துவிடும். இயந்திரத்தின் ஒவ்வொரு துடிப்பையும் பின்பற்றினால்தான் அந்தக் கதவு திறக்கும்.

அந்த அளவுக்குப் போனவர், சூப்பர் நின்டெண்டோவுக்கான பிஎஸ்என்இஎஸ் எமுலேட்டரை எழுதிய நியர். 3.58 மெகாஹெர்ட்ஸ் சில்லு இருந்த பெட்டியைத் துல்லியமாக ஓட்ட 3 கிகாஹெர்ட்ஸ் கணினி தேவைப்படும் என்று 2011இல் அவர் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இவ்வளவு உழைப்பையும் ‘போலச்செய்வி’ என்ற சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

‘போன்மி’க்கு வருகிறேன். மகரக்குறுக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் படித்த ‘போன்ம்’ என்பதிலிருந்து பிறந்த சொல், குட்டியானது, இழிவு தொனிக்காதது. எனக்கும் அதில் ஆசைதான். ஆனால் புலனம் (வாட்ஸ்அப்), படவரி (இன்ஸ்டாகிராம்), வலையொளி (யூடியூப்) என்று சுற்றிவந்த பட்டியலில் மீமுக்குப் போன்மி என்று போட்டு, அது பலர் வாயில் ஏறிவிட்டது. ‘போன்மியைத் திற’ என்று பட்டியில் எழுதினால் வடிவேலு படத்தைத் தேடுவார்கள். மேலும் அது ‘போல இருப்பது’ என்பதோடு நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டியது ‘அதற்கு இணையாக இயங்குவது’.

ஆகவே என் முன்மொழிவு: நிகர்பொறி. நிகர்த்த, நிகர்க்கின்ற, நிகர்க்கும் பொறி என விரியும் வினைத்தொகை. தேடுபொறி என்ற சொல் ஏற்கெனவே நன்றாக ஊன்றிவிட்டதால் காதுக்கும் புதிதாக இருக்காது. நடுவில் ‘ப்’ வர வேண்டாமா என்று கேட்பீர்கள். குடிக்கும் தண்ணீரைக் குடிதண்ணீர் என்றுதானே சொல்கிறோம், அதுபோல. செயலுக்கு நிகர்ப்பு. சில்லின் நடத்தையைத் துடிப்புத் துடிப்பாகப் பின்பற்றினால் அடிமட்ட நிகர்ப்பு. 1999இல் அல்ட்ராஎச்எல்ஈ நின்டெண்டோ 64 ஆட்டங்களுக்குச் செய்ததுபோல, ஆட்டம் கேட்கும் வேலையை இனம்கண்டு நம் கணினியின் வழியில் முடித்துக் கொடுத்தால் மேல்மட்ட நிகர்ப்பு. ஒரே வேரிலிருந்து இத்தனையும் கிளைப்பதுதான் இதன் பலம்.

> மெய்நிகர் என்று வர்ச்சுவலுக்கு ஏற்கெனவே இருக்கிறதே, குழப்பாதா?

பக்கத்தில் நிற்கும், குழப்பாது என்று நினைக்கிறேன். மெய்நிகர் கணினி பெரும்பாலும் இருக்கிற சில்லையே பங்குபோட்டுக் கொடுக்கிறது. நிகர்பொறி இல்லாத சில்லாகத் தானே மாறுகிறது. இரண்டும் உறவுக்காரப் பொருள்கள், பெயரிலும் உறவு தெரிவது நல்லதுதான். நிகர லாபம் எல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது, இந்தப் பக்கம் வராது.

இனி, பெட்டிகளைச் சேகரிக்கும் நண்பர் எழுதியது. இதற்குத்தான் நீளமாகப் பதில் எழுத நினைத்தேன்.

> எந்த எமுலேட்டரும் அசல் பெட்டிக்கு நிகராகாது. ‘நிகர்’ என்பது மிகைப்படுத்தல். கையில் பிடித்து ஆடியவனுக்குத் தெரியும்.

தம்பி, என்இஎஸ்ஸில் வாத்து சுடும் ஆட்டமான டக் ஹன்ட்டின் துப்பாக்கியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகி, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்ததா என்பதுதான் கேள்வி. பழைய கதிர்க்குழாய் டிவி கோடு கோடாக வரையும் ஒளியை நம்பி அமைத்த சுற்று அது. இன்றைய தட்டை டிவி படத்தைத் தாமதமாகக் காட்டும், அந்தத் துடிப்பும் அதில் இல்லை. அசல் பெட்டி, அசல் கேசட், அசல் துப்பாக்கி மூன்றும் இருந்தாலும் டிவி மாறினால் ஒரு வாத்தும் விழாது. ஆக, அங்கே நிகர்க்க வேண்டியது பெட்டியை மட்டும் இல்லை, டிவியையும் சேர்த்துத்தான். நான் சொல்லும் சொல் பொறிக்கு மட்டும் நிகர் என்கிறது. அந்த டிவிக்கும், கையில் இருந்த கனத்துக்கும் அது உரிமை கொண்டாடவில்லை.

ஆனால் ‘அசல்’ என்று நாம் சொல்வதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் ‘டிவி கேம்’ என்று வாங்கியவற்றில் மிகப் பெரும்பாலானவை நின்டெண்டோ செய்தவை இல்லை. அதன் சில்லுகளைப் பார்த்து வேறு யாரோ செய்த குளோன்கள். பலவற்றில் மொத்தச் சுற்றும் ஒரே சில்லுக்குள் இருக்கும். மரியோவும் கான்ட்ராவும் நம்மில் பலருக்கு அறிமுகமானது அவற்றில்தான். அவற்றுக்கு நகல்பெட்டி என்றும், நிறுவனமே செய்ததற்கு மூலப்பெட்டி என்றும் வைத்துக்கொண்டால், நிகர்பொறியோடு சேர்த்து மூன்றும் தெளிவாகப் பிரியும்.

சேகரிப்பவர்களும் நிகர்ப்பவர்களும் எதிரணி என்று பேசுவதுதான் எனக்கு வருத்தம். 1987இல் அமெரிக்காவில் வந்த செல்டா ஆட்டத்தின் கேசட்டைத் திறந்தால் உள்ளே ஒரு பட்டன் பேட்டரி தெரியும். அது தீர்ந்தால் சேமித்த ஆட்டம் போய்விடும். மாற்ற வேண்டுமென்றால் பற்றுவைப்புக் கோலை எடுக்க வேண்டும். மின்தேக்கிகள் கசிந்து பலகையை அரிக்கின்றன, வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகிறது. இதையெல்லாம் பொறுமையாகச் சரிசெய்து வைத்திருப்பவர்கள் இல்லாவிட்டால், நிகர்பொறி எழுதுபவர் தன் கணக்கை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்? நியரே அமெரிக்காவில் வெளியான சூப்பர் நின்டெண்டோ கேசட்டுகளை வாங்கிக் குவித்துத்தான் படியெடுத்தார். இந்தப் பக்கம் பார்த்தால், அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இப்போது கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. மூலப்பெட்டி வாங்க வசதியில்லாதவருக்கு அந்த ஆட்டங்களைப் பார்க்க நிகர்பொறி ஒன்றுதான் வழி.

மேலே ‘படியெடுத்தல்’ என்று எழுதினேன். கேசட்டின் சில்லிலிருந்து கோப்பாக எடுப்பதற்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஏட்டுச்சுவடிக்குச் சொன்ன சொல், இங்கும் அதே வேலை. எடுத்த கோப்பு படி. ஆகவே ‘லோட் ரோம்’ (Load ROM) என்பது ‘படியை ஏற்று’ ஆகும். கேசட்டுக்கு மட்டும் புதுச்சொல் தேட வேண்டாம். செருகுவதும் ஊதுவதும் எல்லாம் கேசட் என்ற பெயரில்தான் நடந்தது, அது நம் சொல்லாகிவிட்டது.

‘சேவ் ஸ்டேட்’டுக்கு முதலில் வந்த யோசனை நிலைப்படி. அதைப் படித்தால் வாசல்தான் கண்ணுக்கு வருகிறது. ஆட்டத்துக்குள் சேமிப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. இதில் அந்தக் கணத்தில் சில்லின் பதிவகங்களும் நினைவகமும் இருந்தபடியே மொத்தமாகச் சேமிக்கப்படுகின்றன. எனவே பொறிநிலை, பொறிநிலையைச் சேமி, பொறிநிலைக்குத் திரும்பு என்று வைக்கலாம்.

எனக்கு முடிவு தெரியாத இடம் ஒன்றுதான். மிஸ்டர் (MiSTer), அனலாக் பாக்கெட் போன்ற கருவிகள், உள்சுற்றை வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ (FPGA) சில்லுக்குள் பழைய சுற்றையே மறுபடி அமைக்கின்றன. மென்பொருள் மொழிபெயர்ப்பு அங்கே இல்லை. அவற்றையும் நிகர்பொறி என்றே சொல்லலாம், பொறி என்பது வன்பொருளுக்கும் பொருந்தும் என்பது என் எண்ணம். சுற்றுநிகர்ப்பு என்று பிரிக்க வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். பட்டிக் கோப்பில் இப்போதைக்கு நிகர்பொறி என்று இட்டுவைக்கிறேன். மாற்றுக்கருத்து வந்தால் வெளியீட்டுக்கு முன் திருத்திவிடலாம்.

அன்புடன்.