தாத்தா வீட்டு குரூப்: கோச்ச தூக்கணுமா?

28 ஆகஸ்ட் 2025, வியாழன் காலை

கார்த்தி: யாராச்சும் முழிச்சிருந்து பாத்தீங்களா 😭 நாலாவது டிவிஷன் ஃபுட்பால் டீம் கிரிம்ஸ்பி, அவங்ககிட்ட நம்ம மான்செஸ்டர் யுனைடெட் தோத்துடுச்சு

திவ்யா: 2-2. பெனால்டில 12-11. மூணு மணிக்குத்தான் படுத்தேன்

ரவி மாமா: கோச் அமோரிம இன்னைக்கே தூக்கணும்

அம்மா: நேத்து கொழுக்கட்டை குடுத்துவிட்ட எவர்சில்வர் தூக்கு யார் வீட்ல இருக்கு

திவ்யா: அத்தை நாங்க வேற தூக்கு பேசிட்டு இருக்கோம் 😂

சித்தப்பா: மச்சான் அவசரப்படாதீங்க. நம்ம பழைய கோச் ஃபெர்குசன் 86 நவம்பர்ல வந்தாரு, முதல் கப்பு 90 மே மாசந்தான், நடுவுல மான்செஸ்டர் சிட்டிகிட்ட 5-1 வாங்கினாரு, அப்பவும் போர்டு பொறுத்துச்சு, அப்புறம் லீக் மட்டும் 13 தடவ அடிச்சாரு. அவர் போனப்புறம் பாருங்க, மோயஸ் பத்து மாசம், வான் கால் எஃப்ஏ கப் ஜெயிச்ச ரெண்டாவது நாள் வீட்டுக்கு, மொரின்யோ, சோல்ஷேர், டென் ஹாக்னு வரிசையா தூக்கிட்டே இருக்கோம், என்னத்த கண்டோம்? டென் ஹாக்குக்கு ஜூலைல காண்ட்ராக்ட் நீட்டிச்சு அக்டோபர்ல அனுப்பினாங்க. அமோரிம் பாவம், சீசன் முடிஞ்சு வரேன்னுதான் கேட்டாரு, இப்ப வா இல்லன்னா வேணாம்னுட்டாங்க

ரவி மாமா: போன சீசன் லீக்ல 15வது இடம். 42 பாயிண்ட்

ரவி மாமா: பில்பாவோல நடந்த யூரோப்பா லீக் ஃபைனலும் போச்சு

கார்த்தி: இந்த வருஷம் குன்யா, எம்பூமோ, ஷெஷ்கோன்னு புதுசா வாங்கின மூணு பேருக்கு மட்டும் கிட்டத்தட்ட 20 கோடி பவுண்டு சித்தப்பா

ரவி மாமா: நேத்து மழைல உக்காந்து போர்டுல காந்தத்த நகத்திட்டு இருக்காரு, எதிர்ல டீம் தோக்குது. ஆளுங்கள நிறுத்தறது அதே 3-4-3. கேப்டன் புரூனோவ கீழ எறக்கி வீணாக்குறாரு

சித்தப்பா: அது ஒத்துக்கறேன். புரூனோ கோல் பக்கத்துல ஆடணும். ஆனா ஆளு மத்தவன் வாங்கினது, பழி இவருக்கா?

பெரியப்பா: நஷ்டம் வந்துட்டே இருந்தா யாரா இருந்தாலும் மாத்தித்தான் ஆகணும்.

சித்தப்பா: தெரியும்ணே. பெயிண்ட் கடைல பாத்தேன்

கமலா அத்தை: காலங்காத்தால ஆரம்பிக்காதீங்கடா

சித்தப்பா: இல்லக்கா சொல்லிடறேன். கடைய என் கைல குடுத்தப்ப உள்ள இருந்த சரக்கு பூரா அண்ணன் எடுத்து வச்சது, டிஸ்டம்பர் டப்பாவ ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினா மூடி துருவா உதிருது, உள்ள கல்லு மாதிரி கெட்டியா கெடக்கு, அத யாருக்கு விக்கிறது? பழைய கடன அடைச்சு புது கம்பெனி டீலர்ஷிப்புக்கு பேசி முடிக்கற நேரத்துல பத்தாவது மாசம் சாவிய வாங்கிட்டீங்க. இன்னும் ஒரு தீபாவளி பாத்திருக்கலாம்ல

திவ்யா: 🙏

கார்த்தி: சனிக்கிழமை 7.30 பர்ன்லி மேட்ச், ஓல்ட் டிராஃபோர்ட்ல. எங்க பாக்கறோம்

ரவி மாமா: அதுலயும் தோத்தா தூக்கணும்

சித்தப்பா: தோத்தாலும் வேணாம். ஒரு முழு சீசன் குடுங்க. அவ்ளோதான் கேக்கறேன்

திவ்யா: எங்க வீட்ல ஹாட்ஸ்டார் முடிஞ்சிடுச்சு

பெரியப்பா: எல்லாரும் இங்க வாங்க. பெரிய டிவி.

பெரியப்பா: முருகேசா நீயும் வா.

கமலா அத்தை: வருவான் வருவான்

ரவி மாமா: டிபன் யாரு?

அம்மா: நான் இட்லிக்கு ஆட்டிடறேன். எத்தன பேரு

கார்த்தி: சித்தப்பா??

சித்தப்பா: சனிக்கிழமை சாயந்தரம் லோடு வருது. எறக்கிட்டு பாக்கறேன்

கமலா அத்தை: அண்ணி தூக்கு எங்க வீட்லதான் இருக்கு. மூடி மட்டும் காணோம்

அம்மா: மூடியோடதானே குடுத்தேன்