குறைமாதத்தில் பிறந்த மகனுக்குச் சளி பிடித்தாலே இளைப்பு: எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும்?

பாயான் லெப்பாஸ் தாய்:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். என் மகன் 28 வாரத்தில் 1,050 கிராம் எடையுடன் பிறந்தவன். சில நாள் செயற்கை சுவாசக் கருவியிலும் அதன்பின் பல வாரம் ஆக்சிஜனிலும் இருந்ததால், நாட்பட்ட நுரையீரல் நோய் என்று எழுதித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவனுக்கு ஒரு வயது பத்து மாதம். தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) சேர்த்த நாள் முதல் சளி பிடிக்கும்போதெல்லாம் இளைப்பும் சேர்ந்தே வருகிறது. சென்ற மாதம் ஒரு கிளினிக்கில் "சாதாரண சளிதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவே அவனை வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து இரவெல்லாம் அவன் முதுகில் கை வைத்தபடியே படுத்திருக்கிறேன். எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது? வீட்டில் மாமியார் தினமும் போடும் சாம்பிராணியை நிறுத்தச் சொல்வது சரியா?

பட்டர்வொர்த் அக்கா:

தங்கை, என் மகள் 27 வாரத்தில் பிறந்தவள், இப்போது ஏழு வயதாகிறது. கையை முதுகில் வைப்பதைவிடச் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். குழந்தை தூங்கும்போது, காய்ச்சல் இல்லாத நாளில், வயிறு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணி எழுதி வையுங்கள். அதுதான் அவனுடைய வழக்கமான அளவு. ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தை அமைதியாக இருக்கும்போதும் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால் அது வேகமான மூச்சு.

எண்ணிக்கையைவிட முக்கியமானது நெஞ்சின் தோற்றம். விலா எலும்புக்குக் கீழேயும் தொண்டைக் குழியிலும் தோல் உள்ளே இழுபடுவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் தலை ஆடுவது, முனகுவது, பால் குடிக்க முடியாமல் திணறுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும் உடனே கிளம்பிவிடுங்கள். உதடு நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறினால், அல்லது குழந்தை துவண்டு போனால், அவசர உதவி எண் 999-ஐ அழையுங்கள். நெஞ்சு இழுபடுவதைக் கைப்பேசியில் படமெடுத்துக் காட்டியபோதுதான் நான் சொன்னதை மருத்துவர் முழுமையாகப் புரிந்துகொண்டார். பதிவு செய்யும் இடத்திலேயே முதலில் "28 வாரக் குழந்தை, ஆக்சிஜனில் இருந்தவன்" என்று சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டபின் யாரும் அவனைச் சாதாரண சளிக்காரனாகப் பார்க்க மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற தாதி, ஜெலுத்தோங்:

நுரையீரலின் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருள், கருவில் ஏறத்தாழ 34 வாரத்துக்குப் பிறகுதான் போதிய அளவில் சுரக்கிறது. அதற்கு முன் பிறக்கும் குழந்தையை உயிரோடு காக்கும் ஆக்சிஜனும் காற்றழுத்தமும் அந்த இளம் நுரையீரலைச் சற்றே காயப்படுத்தவும் செய்கின்றன. மூச்சுக்குழாயும் குறுகலானது; சிறிதளவு சளியும் வீக்கமும் போதும், காற்று விசிலடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் காற்றுப்பைகளில் பெரும்பாலானவை பிறந்த பிறகுதான் உருவாகின்றன என்பதால் பல குழந்தைகளுக்கு வளர வளர இளைப்பு குறைகிறது. சிலருக்கு ஓடும்போது மூச்சு வாங்குவது பெரியவர்களான பின்னும் நீடிப்பதுண்டு, ஆகவே கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள்.

மருத்துவர் இன்ஹேலர் கொடுத்திருந்தால் அதை ஸ்பேசர் குழாயும் (இன்ஹேலருக்கும் முகமூடிக்கும் இடையில் பொருத்துவது) முகமூடியும் இல்லாமல் பயன்படுத்த வேண்டாம். முகமூடி கன்னத்தோடு இடைவெளியின்றிப் பதிய வேண்டும்; ஒரு முறை அழுத்தியபின் ஐந்தாறு மூச்சு இழுக்கும் வரை எடுக்கக் கூடாது. அலறி அழும் குழந்தைக்கு மருந்து உள்ளே போவது மிகக் குறைவு, எனவே மடியில் வைத்துப் பாட்டுப் பாடியாவது அமைதிப்படுத்துங்கள். ஸ்பேசரைப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரில் அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். துடைத்தால் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து குழாயின் உட்சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். நான்கு மணி நேரத்துக்குள் மீண்டும் மருந்து தேவைப்பட்டால் வீட்டில் இருக்காதீர்கள்.

வீட்டிலுள்ள அனைவரும் ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில், காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டும் நாள்களில் வெளியே விளையாட விடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம் தாத்தா:

மகளே, சாம்பிராணியைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் எங்கள் வீட்டில் அதைப் போட்டுவந்தவன் நான்தான். பேரன் 30 வாரத்தில் பிறந்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவன் இருமத் தொடங்குவதை மருமகள்தான் கவனித்துச் சொன்னாள். முதலில் எனக்கு மனம் வருந்தியது உண்மை. இப்போது பூசையறையில் நல்லெண்ணெய் விளக்கும் பூவும் மட்டும். ஊதுவத்தியையும் கொசுவத்தியையும் நிறுத்தி, கட்டிலுக்குக் கொசுவலை கட்டிவிட்டோம். சிகரெட் பிடிப்பவர் வெளியே நின்று பிடித்தாலும் சட்டையில் புகை ஒட்டியிருக்கும். மாற்றாமல் பிள்ளையைத் தூக்க வேண்டாம். இதை நீ மாமியாரிடம் சொல்வதைவிட, அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் சென்று மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்.

பாயான் லெப்பாஸ் தாய்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு சட்டையைத் தூக்கி எண்ணினேன்: 26. குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புதன்கிழமை மருத்துவரைப் பார்க்க அத்தையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.