டிஎல்டி மாத்திரை எடுத்துக்கொண்டே ஜிம்முக்குப் போகலாமா?

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்:
வயது 38. எனக்கு எச்ஐவி. நான்கு வருடமாக அதற்கான டிஎல்டி மாத்திரை, இரவு ஒன்பதரைக்கு ஒன்று. ஒரு நாள்கூட விட்டதில்லை. வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, இரண்டு வருடமாகக் 'கண்டறியப்படவில்லை'. மாத்திரை ஆரம்பித்தபோது 56 கிலோ, இப்போது 69. எடை ஏறியபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இப்போது வயிறு முன்னால் வந்துவிட்டது, மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

பதினைந்து நாளாக ஜிம் போகிறேன். ஜிம் மாஸ்டர் சொல்லிப் புரோட்டீன் பவுடர் குடிக்கிறேன். தசை ஏற்றும் கிரியாட்டின் பவுடரும் வாங்கச் சொல்கிறார். அம்மாவோ, "உடம்பை அலட்டாதே, எதிர்ப்புசக்தி போயிடும்" என்கிறார். ஜிம்மில் விஷயத்தைச் சொல்லியாக வேண்டுமா? கம்பி பிடித்து உள்ளங்கையில் தோல் உரிந்திருக்கிறது. அடுத்தவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கமே வரவில்லை.

2005 முதல் மாத்திரை:
தம்பி, முதலில் தூங்குங்கள். வியர்வையில் இது பரவாது, கம்பியைத் தொட்டாலும் பரவாது. உரிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு போங்கள். அது உங்கள் கைக்காக.

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்த காலம் அப்படி. தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரியில் 2004 ஏப்ரலில் இலவச மாத்திரை ஆரம்பித்தார்கள், எனக்கு அடுத்த வருடம். அப்போது என் சிடி4, அதாவது எதிர்ப்புசக்தி அணுக்களின் எண்ணிக்கை, வெறும் 92. அன்றைய மாத்திரையில் ஸ்டாவுடின் என்ற மருந்து இருந்தது. உயிர் பிழைத்தேன், ஆனால் கன்னம் ஒட்டிப்போயிற்று, காலில் நரம்பு கயிறு மாதிரி தெரிந்தது. பாத எரிச்சல் தாங்காமல் ராத்திரி ஈரத்துணி சுற்றிப் படுப்பேன்.

மாத்திரையை மாற்றிய பிறகுதான் பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருப்பது, முதல் நாள் நாலு தடவைதான் முடிந்தது. அப்புறம் இரண்டு பாட்டிலில் மணல் நிரப்பித் தூக்கினேன். கன்னம் திரும்பி வரவில்லை. தொடையில் சதை வந்தது. ரேஷன் அரிசி 20 கிலோவை இப்போது நானேதான் தூக்கி வருகிறேன்.

பிசியோதெரபிஸ்ட்:
அளவான உடற்பயிற்சியால் சிடி4 குறையாது. காய்ச்சல், விடாத இருமல் இருக்கும் நாளில் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். உங்களைப் போன்றவர்களை நான் நடக்கச் சொல்வது இதயத்துக்காக. வைரஸ் கட்டுக்குள் இருந்தாலும் உள்ளே லேசான அழற்சி ஓடிக்கொண்டே இருக்கும், மாரடைப்பு அபாயம் மற்றவர்களைவிட அதிகம். வாரம் 150 நிமிடம் வேக நடை, இரண்டு நாள் எடை தூக்குவது போதும். உங்கள் டிஎல்டியில் இருக்கும் டெனோஃபோவிர் எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும், எடை தூக்குவது அதற்கும் நல்லது.

கிரியாட்டின் இப்போது வேண்டாம். அதே மாத்திரையில் இருக்கும் டோலுடெகிராவிர், சிறுநீரகத்தைக் கெடுக்காமலே ரத்தத்தில் கிரியாட்டினினை (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) சற்று ஏற்றிக் காட்டும். டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தை நிஜமாகவே பாதிக்கும். இதில் கிரியாட்டின் பவுடரும் சேர்ந்தால் ரிப்போர்ட்டில் எதனால் ஏறியது என்று டாக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கல்லீரல் பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களிலும் கனமாகத் தூக்காதீர்கள், அதில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற என்சைம் ஏறிக் காட்டும்.

ஜிம்மில் சொல்ல வேண்டியதில்லை. 2017 எச்ஐவி சட்டப்படி, கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

புரோட்டீன் டப்பாவில் என்னென்ன போட்டிருக்கிறது?

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்:
இப்போதுதான் திருப்பிப் படித்தேன். கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் மூன்றும் இருக்கிறது. இரவு எட்டரைக்குப் பவுடர், ஒன்பதரைக்கு மாத்திரை. ஆறு நாளாக இப்படித்தான். தப்பு செய்துவிட்டேனா?

பிசியோதெரபிஸ்ட்:
பதற வேண்டாம். இந்தத் தாதுக்கள் வயிற்றில் டோலுடெகிராவிரைப் பிடித்துக்கொள்ளும், மருந்து ரத்தத்தில் குறைவாகச் சேரும். அதனால் மாத்திரைக்கு முன் ஆறு மணி நேரம், பின் இரண்டு மணி நேரம் பவுடர் கூடாது. குடிப்பதானால் காலையில் ஜிம் முடிந்ததும் குடியுங்கள். மாத்திரை நேரத்தை மாற்றாதீர்கள். இந்த ஆறு நாளை நீங்கள் மாத்திரை வாங்கும் ஏஆர்டி சென்டரில் (எச்ஐவி சிகிச்சை மையம்) மறைக்காமல் சொல்லுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

கட்டிங் மாஸ்டர், திருப்பூர்:
திங்கட்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டேன். அக்கா, அந்த நாற்காலிப் பயிற்சி ஒரு நாளைக்கு எத்தனை தடவை? அம்மாவும் செய்து பார்க்கிறேன் என்கிறார்.