மலைநாட்டு மூடுபனியில் பொலிஷ், சீலண்ட்: எனக்கு நடந்தது, உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

கொட்டகலைக்காரன்:

ஒரு சேர்விஸ் ஸ்டேஷனின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்து வாகனங்களுக்குக் கட் அண்ட் பொலிஷ் வேலை (பெயின்டைத் தேய்த்து மினுக்குவது) செய்கிறேன். தொழில் பழகியது கொழும்பில். ஊருக்கு வரும்போது நம்பிக் கொண்டுவந்தது இரண்டு போத்தல்தான்: கீறலைத் தேய்த்து எடுக்கும் முரட்டு கொம்பவுண்ட் ஒன்று, பெயின்டின் மேலே இறுகிக் காக்கும் செராமிக் கோட்டிங் ஒன்று.

ஒரு ஜனவரி மாதம். பக்கத்துத் தோட்டத்து டீமேக்கர் ஐயா தன் கறுப்பு அக்சியோ காரைக் கொண்டுவந்து விட்டார். பொலிஷ் முடித்து, மறுநாள் காலையில் கோட்டிங் போட்டேன். கொழும்பு வெக்கையில் ஒரு நிமிடத்துக்குள் மேலே வானவில் நிறம் படரும், உடனே துடைத்துவிடலாம். இங்கே காத்திருந்தேன், காத்திருந்தேன், ஒன்றையும் காணோம். பொறுமை கெட்டுத் துடைத்ததில் பாதி துணியோடு வந்துவிட்டது. சரி என்று இன்னொரு பூச்சுப் போட்டு மாலை ஐந்து மணிக்கு வண்டியைக் கொடுத்தேன்.

ஐயா அதைக் குவாட்டர்ஸ் முற்றத்தில் நிறுத்தியிருக்கிறார். இரவு முழுக்கப் பனி. காலையில் பொனட்டைப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி நீர்ப்புள்ளி! சோப்புக்கும் போகவில்லை. எல்லாவற்றையும் பொலிஷ் போட்டு எடுத்து மறுபடி செய்ததில் மூன்று நாள் போனது. காசு கேட்க வாய் வரவில்லை.

போத்தலில் தப்பில்லை. குளிரில் அதன் கரைப்பான் ஆவியாக நேரம் எடுக்கும், இறுகவும் நேரம் எடுக்கும். இறுகுவதற்குள் குளிர்ந்த தகட்டில் பனித்துளி உட்கார்ந்தால் அடையாளம் அப்படியே நின்றுவிடும். நான் வாங்கும்போது பார்த்தது 'மூன்று வருடம்' என்ற எழுத்தை மட்டும். இப்போது முதலில் தேடுவது எத்தனை டிகிரியில் போடலாம், எத்தனை மணி நேரம் நனையக் கூடாது என்பதை. வண்டியை ஓர் இரவு கூரைக்குள் விட்டுப் போக முடியாதவர்களுக்குக் கோட்டிங் போடுவதே இல்லை. தென்மேற்கு மழை பிடித்துவிட்டால் யாருக்கும் இல்லை.

அவர்களுக்கு பொலிமர் சீலண்ட், பெயின்டைக் காக்கப் பூசும் செயற்கை மெழுகு மாதிரி. அதற்கும் சில மணி நேரம் ஈரம் ஆகாது, ஆனால் தப்பினால் மறுநாளே சரிசெய்யலாம். நம் மழையில் நாலு மாதம் நின்றால் எனக்குத் திருப்தி. கர்னோபா வெக்ஸ் (ஒரு பனை வகையின் மெழுகு) கறுப்பு, சிவப்பில் அள்ளும், ஆறேழு வாரத்தில் போய்விடும். கல்யாண வண்டிக்கு அது போதும், வீணாகச் செலவு வைக்காதீர்கள்.

பதுளைத் தம்பி:

அண்ணே, எனக்குப் பனியில்லை, குங்குமம்! வெள்ளை வான் ஒன்றுக்குக் கோட்டிங் போட்டுக் கொடுத்தேன். அவர் நேரே கோவிலுக்குப் போய்ப் பூசை போட்டு, பொனட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, மூன்று நாள் கழித்துக் கழுவியிருக்கிறார். இளஞ்சிவப்பு வட்டம் போகவே இல்லை. இப்போது சாவி கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன்: பொட்டைக் கண்ணாடியில் வையுங்கள் ஐயா, சாமி கோவிக்காது.

பண்டாரவளை கராஜ்:

போன வருடம் ஒரு பழைய மொரிஸ் மைனர் வந்தது. சிவப்பு, வெயிலில் ரோஸாகி மாவு பூத்துக் கிடந்தது. பையன் மெஷினை வைத்ததும் தேய்க்கும் பேட் முழுக்க இரத்தம் மாதிரி நிறம். வண்டிக்கார ஐயா தலையில் கை வைத்துவிட்டார். அந்தக் காலப் பெயின்டுக்கு மேலே கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) கிடையாது, நிறமேதான் மேல்தோல். பேடில் வருவது செத்த பெயின்ட் என்று விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

அதற்கு கொம்பவுண்ட் பக்கமே போகக் கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள மென்மையான பொலிஷை இரவில் தடவி ஊறவிட்டு, காலையில் மெல்லிய ஃபோம் பேடால் எடுத்தோம். மேலே வெக்ஸ்தான். செராமிக் கேட்டார், நான் மறுத்துவிட்டேன்.

ஹட்டன் பக்கம்:

கொம்பவுண்டைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதிலிருந்து 2025 பெப்ரவரி வரை புதுக் கார் வரவில்லை அல்லவா? இருக்கிற கார்களையே ஆளுக்கு ஆள் தேய்த்து விற்றார்கள். ஜப்பான் காரில் மொத்தப் பெயின்டே 100 மைக்ரோன் (மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) சுற்றித்தான், அதில் மேல் கிளியர் ஏறக்குறைய 40. முன்பு எத்தனை கை பட்டது என்று யாருக்குத் தெரியும்? நானும் ஒரு விட்ஸ் காரின் கதவு விளிம்பில் ரோட்டரி மெஷினை வைத்து அடிப்பூச்சான பிரைமரைப் பார்த்தவன்தான். கதவு பெயின்ட் செலவு என் தலையில்.

அதற்குப் பிறகு பெயின்டின் கனத்தை அளக்கும் மீட்டர் வாங்கினேன். 200 மைக்ரோனுக்கு மேல் காட்டினால் டிங்கரிங் செய்து திருப்பி அடித்த இடம். பிளாஸ்டிக் பம்பரில் அது வேலை செய்யாது, அங்கே கண்தான் மீட்டர். மென்மையான பொலிஷ், ரோட்டரியைவிட மென்மையாகத் தேய்க்கும் டிஏ மெஷின், ஒரு சாண் இடத்தில் சோதனை, போதாவிட்டால்தான் அடுத்த படி. சில பொலிஷ்களில் கீறலை மறைக்கும் நிரப்பி இருக்கிறது, இரண்டு கழுவலில் கீறல் திரும்பி வந்துவிடும். ஸ்பிரிட் கலந்த தண்ணீரால் துடைத்துப் பார்த்த பிறகே சீலண்டைத் திறக்கிறேன்.

பண்டாரவளை கராஜ்:

ஒன்று விட்டுவிட்டேன். பக்கத்தில் பெயின்ட் அடிக்கிற கராஜ் இருந்தால் சிலிக்கோன் கலந்த பொலிஷ் வாங்காதீர்கள். காற்றில் போய் அவர்கள் பெயின்டில் மீன்கண் மாதிரிக் குழி விழும், சண்டை நம் வாசலுக்கு வரும். புதிதாகப் பெயின்ட் அடித்த வண்டிக்கு ஒரு மாதமாவது சீலண்ட் பூசாமல் இருப்பதும் நல்லது, உள்ளே இருக்கிற கரைப்பான் வெளியேற வேண்டும்.

கொட்டகலைக்காரன்:

அந்த 'ஒரு மாதம்' நம் குளிருக்கும் போதுமா அண்ணே? போன வாரம் பெயின்ட் அடித்த கேடிஎச் வான் ஒன்று வாசலில் நிற்கிறது, டிரைவர் ஏப்ரல் சுற்றுலா சீசனுக்குள் மினுங்க வேண்டும் என்கிறார்.