பழைய பேய் மாத நாவல்: வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

மொட்டைமாடி:
பழைய புத்தகக் கடைகளில் எண்பது, தொண்ணூறுகளில் வந்த பாக்கெட் சைஸ் பேய் நாவல்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. அட்டையை நம்பி எடுத்தால் பாதியில் கதை நிற்கிறது, இல்லையென்றால் ஈரவாடை. கடைக்காரர் முறைப்பதற்குள் எதையெல்லாம் சரிபார்க்கலாம்? வாடை போக வெயிலில் வைக்கலாமா?

பின்னும்நூலும்:
முதலில் ஸ்டேப்ளர் பின் எங்கே அடித்திருக்கிறது என்று பாருங்க. நடுமடிப்பில் என்றால், 96 பக்க நாவலில் 1, 2, 95, 96 நாலும் ஒரே தாள். முதல் பக்கம் கிழிந்து போயிருந்தால் கிளைமாக்ஸும் கூடவே போயிருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து நடுப்பக்கம், 48-49. துருப்பிடித்த பின் தாளை அரித்திருந்தால் நடுத்தாள் கையோடு வரும்.

முதுகை ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தது வேறு ரகம். 16 பக்க ஃபாரங்களாக (ஒரு தாளை மடித்த கட்டுதான் ஃபாரம்) அடுக்கியது என்றால், போனால் ஃபாரமே மொத்தமாகப் போகும். ஃபாரங்கள் தொடங்கும் 17, 33, 49, 65, 81 பக்கங்கள் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தள்ளிப் பாருங்க, பத்து விநாடி வேலை. ஒரே ஃபாரம் இரண்டு தடவை சேர்ந்து, அடுத்தது விடுபட்ட பிரதியும் இதில் மாட்டும்.

ராமபாணம்:
வெயில் வேண்டவே வேண்டாம். இந்த நாவல்களின் நியூஸ்பிரின்ட்டில் (செய்தித்தாள் காகிதம்) லிக்னின் என்ற மரப்பொருள் அதிகம்; வெயில் பட்டால் இன்னும் பழுத்து, மடித்த இடத்தில் அப்பளமாக நொறுங்கும். மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் விரித்து வைத்துவிட்டு, மூடி போட்ட டப்பாவில் ஒரு கிண்ணம் ஆப்ப சோடாவோடு இரண்டு வாரம் வையுங்கள். சோடா தாளில் படக் கூடாது.

பூச்சி இருந்தால் ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம். எடுத்ததும் கவரைத் திறக்காதீர்கள், நீர் கோத்துக்கொள்ளும். அறைச் சூடு வந்தபிறகு திறக்கலாம். செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். பசை நாளடைவில் பழுப்பாகி எழுத்தையே மறைக்கும்.

அமாவாசை96:
பராமரிப்பெல்லாம் சரி, எதை எடுப்பது என்று யாரும் சொல்லவில்லையே! அட்டையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்து வாங்காதீர்கள். அட்டைக்கும் கதைக்கும் பல சமயம் சம்பந்தமே இருக்காது. மூன்றாம் அத்தியாயத்தின் கடைசி நாலு வரியைப் படியுங்கள். கதவு தட்டப்பட்டு, அடுத்த அத்தியாயம் வேறு ஊரில் தொடங்கினால் எழுதியவருக்குத் தொழில் தெரியும். உடனே கதவைத் திறந்துவிட்டால் கீழே வைத்துவிடலாம்.

சொத்துக்காக மாமாதான் பேய் வேஷம் போட்டார் என்று முடிகிற கதைகள் எனக்கு ஏமாற்றம்தான். பேய் கடைசிவரை பேயாகவே இருக்கணும். இன்னொன்று, வாடகை நூலக முத்திரை குத்திய பிரதியை ஒதுக்காதீர்கள். ஓரத்தில் பென்சிலால் 'பயமே இல்லை' என்று ஒருவர், அதன் கீழே 'பொய்' என்று இன்னொருவர் எழுதியிருப்பது அதில்தான் கிடைக்கும். முதல் பக்கத்தை மட்டும் கவனமாகத் திறங்கள், கொலைகாரன் பெயரை எழுதி வைத்துவிட்டுப் போகிற புண்ணியவான்களும் உண்டு.

மொட்டைமாடி:
நன்றி. துருப்பிடித்த பின்னை என்ன செய்வது?

பின்னும்நூலும்:
பின்னின் மடிந்த கால்களை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, ஒவ்வொன்றாக வெளியே எடுங்க. இழுத்தால் தாள் கிழியும். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, உள்பக்கம் முடிச்சு. இறுக்காதீர்கள், பழைய தாளை நூலே அறுத்துவிடும்.