பெருமணியா, ஓரைமணியா?

குழுவினருக்கு வணக்கம். ஏழாம் வகுப்புத் துணைப்பாடம் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். லண்டன் நாடாளுமன்றக் கடிகாரக் கோபுரம் பற்றியது. பிக் பென் என்பது கோபுரத்தின் பெயர் என்றே பலரும் எண்ணுகிறோம். அது உள்ளே தொங்கும் 13.7 டன் மணியின் பெயர். கோபுரம் 2012 முதல் எலிசபெத் கோபுரம். பெரிய மணியைச் சுற்றி, கால் மணிக்கொரு முறை ஒலிக்கும் நான்கு மணிகள் உண்டு. அவற்றைக் ‘கால்மணி’ என்று எழுதிவிட்டேன். மணிக்கொரு முறை அடிக்கும் பெரியதற்குத்தான் சொல் அகப்படவில்லை. நேரமும் நமக்கு மணி, வெண்கலமும் மணி. ‘மணிமணி’ என்றா எழுதுவது?

---

ஐயா, ‘ஓரைமணி’ என்று எழுதுங்கள். ஓரை என்றால் பொழுது. ‘மறைந்த ஒழுக்கத்து ஓரையும் நாளும்’ என்பது தொல்காப்பியம். இருக்கும் சொல்லைத் தூசு தட்டி எடுத்தாலே போதும்.

---

அம்மா, அந்த ஓரை நல்ல நேரத்தைக் குறிப்பது. அறுபது நிமிடக் கணக்கு அங்கே இல்லை. கிரேக்க ‘ஹோரா’வின் வழி வந்தது என்போரும் உண்டு. ‘நாழிகைமணி’யும் ஒவ்வாது, நாழிகை 24 நிமிடம். முல்லைப்பாட்டின் ‘குறுநீர்க் கன்னல்’ எனக்கு உயிர். ஆனால் அது நீர்க்கடிகாரம். பிள்ளைகளுக்கோ கன்னல் என்றால் கரும்பு.

‘பெருமணி’ என்பதே என் கருத்து. ஆங்கில அலுவல் பெயரின் பொருளும் அதுதான். ‘பென்’ என்பதை மட்டும் தொடாதீர்கள். பொதுப்பணிகளைக் கவனித்த பெஞ்சமின் ஹால் என்ற பெரிய உடம்புக்காரரின் பெயர் என்பர் பலர். பென் கான்ட் என்ற குத்துச்சண்டை வீரரின் பெயர் என்பர் சிலர். எவராயினும் ஆட்பெயர்.

வரைவில் ‘மணியின் நா அடிக்கிறது’ என்றிருக்கிறது, திருத்துங்கள். நேரம் சொல்ல அடிப்பது வெளிப்பக்கச் சுத்தியல். 1859 ஜூலையில் ஒலிக்கத் தொடங்கிய மணி செப்டம்பரிலேயே கீறல் விட்டது. மணியைச் சற்றே திருப்பி, இலேசான சுத்தியலைப் பொருத்தினார்கள். அந்தக் கீறலோடுதான் இன்றும் ஒலிக்கிறது.

கோபுரத்துக்கு ‘மணிக்கூண்டு’ இருக்க வேறு சொல் எதற்கு? மணி வேறு, அதை வைத்திருக்கும் கூண்டு வேறு என்று அந்தச் சொல்லே பிரித்துக் காட்டுகிறது.

---

நன்றி. நா போய்ச் சுத்தியல் வந்துவிட்டது. நால்வர் தனிமடலிலும் பெருமணியையே சொன்னார்கள். அப்படியே அனுப்புகிறேன்.

---

அனுப்புங்கள் ஐயா, தடுக்கவில்லை. ஆனால் ‘பெருமணி’ அளவைச் சொல்கிறதே ஒழிய வேலையைச் சொல்லவில்லை. சிற்றூர் மணிக்கூண்டில் மணிக்கொரு முறை அடிக்கும் சின்ன மணியையும் நாளை பெருமணி என்பீர்களா? என் வகுப்பில் ஓரைமணிதான்.