குணங்களை எல்லாம் கழித்துவிட்டால் பொருள் என்று என்ன மிஞ்சும்?

காவேரிப்பட்டணத்தான்:
மாங்காய் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பெங்களூரா காயைக் கையில் வைத்திருந்தபோது வந்த சந்தேகம், சிரிக்காதீர்கள். கிளி மூக்கு மாதிரி நுனி, பச்சை, புளிப்பு, எடை என்று ஒவ்வொன்றாக மனதில் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் 'காய்' என்று தனியாக ஏதாவது நிற்குமா? அப்புறம், 'இருக்கிறது' என்பதும் பச்சை, புளிப்பு மாதிரி அதன் குணம்தானா?

தருமபுரி சித்தாந்தி:
பழைய சண்டை இது. குணம் வேறு, அதைத் தாங்குகிற பொருளான குணி வேறு, சமவாயம் என்ற உறவுதான் இரண்டையும் பிரியாமல் சேர்த்து வைக்கிறது என்பது வைசேடிகர் என்ற பழைய இந்தியத் தத்துவக்காரர்களின் கட்சி. பொருள் உண்டான முதல் கணத்தில் குணமே இல்லாமல் இருக்கும், நிறமும் சுவையும் அடுத்த கணத்தில்தான் வரும் என்றுகூடச் சொன்னார்கள், ஏனென்றால் குணத்துக்குக் காரணம் பொருள், காரணம் முந்தித்தானே இருக்க வேண்டும். பௌத்தர்கள் தனியாகக் குணி என்று ஒன்றே கிடையாது என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமும் ஏறக்குறைய அங்கேதான் போய் நின்றார். சைவ சித்தாந்தத்தில் குணத்துக்கும் குணிக்கும் தாதான்மியம், அதாவது பொருள் ஒன்றே, பேசும்போதுதான் இரண்டு. என் ஓட்டு இதற்குத்தான். மனதில் கழிப்பது சுலபம், கத்தியால் பச்சையை மட்டும் எடுத்துக் காட்டுங்கள் பார்ப்போம்.

காவேரிப்பட்டணத்தான்:
தோலைச் சீவினால் பச்சை போச்சே!

தருமபுரி சித்தாந்தி:
போனது தோல் அண்ணா, பச்சை அதோடு சேர்ந்துதான் போனது.

மத்தூர் வாசகன்:
இரண்டாவது கேள்வியை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். 'இருக்கிறது' என்பது ஒரு குணமே அல்ல என்று ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1781இல் சொன்னார். பையில் உள்ள நூறு தாலரிலும் (அந்தக் கால ஜெர்மன் வெள்ளி நாணயம்) மனதில் நினைக்கிற நூறு தாலரிலும் ஒரு காசு கூடக்குறைய இருக்காது. 'பச்சை' என்றால் காயைப் பற்றி ஒரு விவரம் கூடுகிறது, 'இருக்கிறது' என்றால் வர்ணனையில் எதுவும் கூடவில்லை, அந்த வர்ணனைக்குப் பொருந்துகிற ஒன்று உலகத்தில் உண்டு என்கிறோம், அவ்வளவுதான். முழுமையானவர் கடவுள், இருப்பதும் முழுமையில் அடக்கம், ஆகவே கடவுள் உண்டு என்ற வாதத்தை உடைக்கத்தான் அவர் இதைச் சொன்னார்.

காவேரிப்பட்டணத்தான்:
சரி, நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம்? 2004 பிப்ரவரிக்கு முன்னால் அணை, ஊர், ஜனம் எல்லாம் இருந்தது, மாவட்டம் மட்டும் இல்லை.

மத்தூர் வாசகன்:
எனக்குத்தான் சாதகம் அது. எந்தெந்த வட்டம், எது எல்லை என்று வரைவில் எழுதி வைத்ததையே ஒரு எழுத்து மாறாமல் அரசாணையாகப் போட்டார்கள் என்று வையுங்கள். வரைவுக்கும் ஆணைக்கும் குணத்தில் வித்தியாசமே இல்லை, ஆனால் வரைவை வைத்துக்கொண்டு கலெக்டரிடம் மனு கொடுக்க முடியாது.